டிடி (லினக்ஸின் காப்பி கட்டளை) நொடிக்கு 2.1 ஜிபி காட்டுகிறது, ஆனால் பில் ஏற்ற மூன்றரை நிமிடம் ஆகிறது. எது பொய்?

#1 பில்லிங்பேட்டை · செவ்வாய் இரவு 10:42

வணக்கம் அண்ணன்களே. மொத்த வியாபாரக் கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். பத்து வருடம் ஓடிய பழைய சர்வரைப் போன வாரம்தான் மாற்றினோம்.

பழையது: 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் இரண்டு, மிரர் செய்தது (இரண்டிலும் ஒரே தகவல்). 32 ஜிபி ராம்.
புதியது: 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி, கடையில் கிடைக்கிற சாதாரண ரகம். இதிலும் 32 ஜிபி ராம். உபுண்டு 22.04, போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ்.

இரவு கடை மூடியதும் கவுண்டர்களிலிருந்து வரும் கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் எடுத்து டேட்டாபேஸில் ஏற்றும். ஏறக்குறைய 60,000 வரிகள். பழைய சர்வரில் அரை நிமிட வேலை. புதியதில் மூன்றரை நிமிடம் ஆகிறது. "காசு கொட்டிப் புதுசு வாங்கினது இதுக்குத்தானா?" என்று முதலாளி தினமும் கேட்கிறார்.

டிஸ்க் சரியில்லையோ என்று டிடி ஓட்டிப் பார்த்தேன். தேவ்-ஜீரோவிலிருந்து (வெறும் பூஜ்யங்களைக் கொடுக்கும் மூலம்) ஒரு கோப்புக்கு, பிளாக் 1 எம்பி, எண்ணிக்கை 4096. 2 நொடியில் முடிந்து நொடிக்கு 2.1 ஜிபி என்று காட்டியது. பழையதில் அதே கட்டளைக்கு 1.3 ஜிபி. ஆக டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் புதுப் பதிப்பில்தான் கோளாறா?

#2 கர்னல்கிறுக்கன் · செவ்வாய் இரவு 11:05

போஸ்ட்கிரெஸை விடுங்கள். முதலில் அந்த 2.1-ஐப் பார்ப்போம்.

உங்களுடையது சாட்டா. அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 6 கிகாபிட். 8 பிட் தகவலை அனுப்ப 10 பிட் செலவாகும் என்பதால் உச்சவரம்பே 600 எம்பி. நடைமுறையில் 550-ஐத் தொட்டால் பெரிது. அந்த வழியாக 2,100 எம்பி எப்படிப் போகும்? பழையதில் வந்த 1.3 ஜிபி இன்னும் அபத்தம். சுழலும் டிஸ்க் நொடிக்கு 150, 200 எம்பி கொடுத்தாலே நல்ல டிஸ்க்.

டிடி எழுதியது ராமில். லினக்ஸில் ஒரு நிரல் 'எழுது' என்று சொன்னால், கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதைப் பேஜ் கேச்சில், அதாவது ராமில் உள்ள தற்காலிக இடத்தில், வாங்கி வைத்துக்கொண்டு உடனே 'ஆச்சு' என்று சொல்லிவிடும். மாவு மில்லில் டப்பாவை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து "அரைச்சாச்சு" என்று சொல்கிற மாதிரி. உண்மையில் டிஸ்க்கில் எழுதுவது பின்னால் நடக்கும். இதற்கான கர்னல் அமைப்புகளின் வழக்கமான மதிப்புகள்: கிடைக்கக்கூடிய நினைவகத்தில் 10 சதவீதம் எழுதப்படாமல் சேர்ந்தால் பின்னணியில் எழுத ஆரம்பிக்கும், 20 சதவீதத்தைத் தொட்டால் எழுதுகிற நிரலையே நிறுத்திப் பிடிக்கும். இதற்குள் வராவிட்டாலும் 30 நொடி பழசான பக்கத்தைத் தள்ளிவிடும். உங்கள் 32 ஜிபியில் 4 ஜிபி கோப்பு இந்த 20 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. அதனால்தான் பிரேக்கே பிடிக்கவில்லை.

பென்டிரைவில் படம் காப்பி செய்யும்போது பார்த்திருப்பீர்கள். பட்டை சட்டென்று நூறைத் தொடும், அப்புறம் வெளியே எடுக்க அனுமதி கேட்டால் ஐந்து நிமிடம் 'இன்னும் எழுதுகிறேன்' என்று நிற்கும். அதேதான் இது.

டிடியில் 'கான்வ்=எஃப்டேட்டாசிங்க்' சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு அனுப்பி முடித்த பிறகுதான் கடிகாரத்தை நிறுத்தும்.

#3 மோர்மிளகாய் · செவ்வாய் இரவு 11:31

நான் அதையும் சேர்த்து ஓட்டினேன். என் ஆறு வருட லேப்டாப்பில் 3.4 ஜிபி வருகிறதே! சாட்டா எஸ்எஸ்டிதான். என்னுடையது அதிசய லேப்டாப்போ?

#4 கர்னல்கிறுக்கன் · செவ்வாய் இரவு 11:34

ஃபெடோராதானே? கோப்பை டெம்ப் கோப்பகத்தில்தானே எழுதினீர்கள்?

#5 மோர்மிளகாய் · செவ்வாய் இரவு 11:36

ஆமாம். ஜோசியம் தெரியுமா உங்களுக்கு?

#6 கர்னல்கிறுக்கன் · செவ்வாய் இரவு 11:40

ஃபெடோராவில் பதிப்பு 18-லிருந்து, அதாவது 2012-13 வாக்கிலிருந்தே, அந்தக் கோப்பகம் டெம்ப்-எஃப்எஸ். முழுக்க ராம். சிங்க் சொன்னாலும் எங்கே போய் எழுதும்? டெபியனும் பதிப்பு 13-லிருந்து அப்படித்தான். டிஎஃப் கட்டளை போட்டுப் பாருங்கள், பெயரே சொல்லும். எந்த டெஸ்டுக்கு முன்னாலும் 'நான் எழுதுகிற இடம் எந்த டிஸ்க்கில் இருக்கிறது' என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்களில் கம்ப்ரெஷன் போட்டிருந்தால் தேவ்-ஜீரோ உதவாது. வெறும் பூஜ்யம் சுருங்கி ஒன்றுமில்லாமல் போய்விடும். அதற்காக யூரேண்டமை (ரேண்டம் எண்களைத் தரும் மூலம்) நேரே டிடிக்குக் கொடுத்தாலும் தப்பு, எண்களை உருவாக்குகிற சிபியுவின் வேகத்தை அளந்துகொண்டிருப்பீர்கள். முதலில் ரேண்டம் கோப்பு ஒன்றைச் செய்து ராமில் வைத்துக்கொண்டு அங்கிருந்து காப்பி செய்யுங்கள்.

#7 பில்லிங்பேட்டை · புதன் காலை 9:15

செய்தேன் அண்ணே. தூக்கம் போனதுதான் மிச்சம்.

புதியது: 9 நொடி, 477 எம்பி.
பழையது: 29 நொடி, 148 எம்பி.

நேர்மையாக அளந்தாலும் புது டிஸ்க் மூன்று மடங்கு வேகம். ஆனால் என் வேலை ஏழு மடங்கு மெதுவாகிறது. நேற்றைக்கு இருந்ததைவிட இப்போது அதிகம் குழம்பியிருக்கிறேன்.

#8 தூக்கம்கெட்டடிபிஏ · புதன் காலை 10:02

குழப்பமே வேண்டாம். நீங்கள் அளந்தது ஒன்று, உங்கள் ஸ்கிரிப்ட் செய்வது வேறொன்று.

டிடி 4 ஜிபியை மொத்தமாகத் தள்ளிவிட்டு கடைசியில் ஒரே ஒரு தடவை 'பத்திரமாக இறங்கியதா' என்று கேட்டது. உங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வரிக்கும் தனியாக கமிட் செய்கிறது (மாற்றத்தை நிரந்தரமாக்கச் சொல்கிறது) என்று நினைக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அப்படியானால் ஒவ்வொரு கமிட்டிலும் போஸ்ட்கிரெஸ் தன் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைப்பது) பதிவில் சில நூறு பைட் எழுதி, எஃப்டேட்டாசிங்க் அழைத்து, டிஸ்க் 'இறங்கியது' என்று சொல்லும்வரை காத்திருக்கும். 60,000 தடவை. இங்கே நொடிக்கு எத்தனை எம்பி என்பதற்கு வேலையே இல்லை. ஒரு தடவை கேட்டுப் பதில் வர எவ்வளவு நேரம், அதுதான் எல்லாம்.

கணக்குப் போடுவோம். மூன்றரை நிமிடம் என்றால் 210 நொடி. 60,000-ஐ 210-ஆல் வகுத்தால் நொடிக்கு 286. அதாவது கமிட்டுக்கு 3.5 மில்லி நொடி. மின்சாரம் போனால் காப்பாற்றும் கெபாசிட்டர் இல்லாத சாதாரண எஸ்எஸ்டிக்கு இது இயல்பான எண்தான். ஃப்ளஷ் கட்டளை (கேச்சில் இருப்பதை நிரந்தரமாக எழுதச் சொல்வது) வந்தால் அது உண்மையிலேயே நேண்ட் (நிரந்தர நினைவக) சில்லில் எழுதி முடித்துவிட்டுத்தான் பதில் சொல்லியாக வேண்டும். சர்வருக்கென்று விற்கும் எஸ்எஸ்டிகளில் கெபாசிட்டர் இருக்கும். கரண்ட் போனாலும் டிஸ்க்கின் ராமில் இருப்பதை எழுதி முடிக்கும் அளவுக்குச் சக்தி உண்டு, அதனால் அவை ஃப்ளஷுக்கு உடனே 'சரி' சொல்லலாம். விலை வித்தியாசத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

போஸ்ட்கிரெஸுடன் 'பிஜி டெஸ்ட் எஃப்சிங்க்' என்று ஒரு குட்டிக் கருவி வரும். வால் கோப்புகள் இருக்கும் அதே டிஸ்க்கில் இரண்டு சர்வரிலும் ஓட்டுங்கள். புதியதில் எஃப்டேட்டாசிங்க் வரியில் 300-ஐ ஒட்டி வரும். வராவிட்டால் நான் சொன்னது தவறு.

ஆனால் எனக்கு உறுத்துவது புது சர்வர் இல்லை, பழையது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்று 8.3 மில்லி நொடி. ஒரு கமிட்டை எழுதிவிட்டு அடுத்ததை அதே இடத்துக்குப் பக்கத்தில் எழுத, தட்டு ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று சுற்றி வர வேண்டும். அதனால் நேர்மையான ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 120 கமிட்டைத் தாண்டாது. 60,000 கமிட்டுக்குக் குறைந்தது 500 நொடி, எட்டு நிமிடத்துக்கு மேல். உங்கள் பழையது அரை நிமிடத்தில் முடித்தது என்கிறீர்கள். எப்படி?

#9 ஆப்பிள்தோட்டம் · புதன் காலை 10:40

என் மேக்கில் சின்னதாக ஒரு பைத்தான் நிரல் எழுதி எஃப்சிங்க் எண்ணிப் பார்த்தேன். நொடிக்கு 20,000-க்கு மேல். 286-க்கெல்லாம் அழுகிறீர்களே.

#10 தூக்கம்கெட்டடிபிஏ · புதன் காலை 10:52

மேக்கில் எஃப்சிங்க் என்பது டிஸ்க்கிடம் ஒப்படைப்பதோடு சரி. டிஸ்க் தன் கேச்சைக் காலி செய்ததா என்று கேட்காது. ஆப்பிளின் கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கேட்க வேண்டுமென்றால் எஃப்சிஎன்டிஎல் என்ற அழைப்பு வழியாக 'எஃப் ஃபுல் எஃப்சிங்க்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். நிரலில் அதை மாற்றிப் போட்டு இங்கே வந்து எண்ணைச் சொல்லுங்கள், நாங்கள் அழவில்லை.

#11 ஆப்பிள்தோட்டம் · புதன் காலை 11:20

...மூன்று இலக்கம். விடை பெறுகிறேன்.

#12 பில்லிங்பேட்டை · புதன் பிற்பகல் 2:08

டிபிஏ அண்ணே, நீங்கள் மந்திரவாதி.

புதியது: எஃப்டேட்டாசிங்க் நொடிக்கு 284.
பழையது: நொடிக்கு 2,310.

ஸ்கிரிப்டையும் பார்த்துவிட்டேன். ஆட்டோ கமிட்தான், ஒவ்வொரு வரிக்கும். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது, நான் தொட்டதில்லை.

பழையதில் ஏன் 2,310 என்று புரியவில்லை. நாளை கடைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.

#13 வாடகைசர்வர் · புதன் பிற்பகல் 3:30

இழையைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது. டெஸ்டை இரண்டு நொடி ஓட்டிவிட்டு நம்பாதீர்கள். அமேசான் கிளவுடின் ஜிபி2 ரக வால்யூம் (வாடகை டிஸ்க்) ஒரு நல்ல உதாரணம். 30 ஜிபிக்கு எடுத்தால் அடிப்படை 100 ஐஓபிஎஸ்தான் (நொடிக்கு இத்தனை தடவை படிப்பது, எழுதுவது), ஆனால் தொடக்கத்தில் 54 லட்சம் கிரெடிட் கையில் கொடுத்து 3000 வரை ஓட விடுவார்கள். அரை மணி நேரம் பறக்கும். கிரெடிட் தீர்ந்ததும் 100. பத்து நிமிடம் டெஸ்ட் செய்தவர் 3000 என்று எழுதிக்கொண்டு போவார், ஒரு மணி நேரம் ஓடுகிற வேலைக்கு விடை தலைகீழ்.

வீட்டு எஸ்எஸ்டியிலும் இதே கதை. ஒரு செல்லில் மூன்று, நான்கு பிட் வைக்கும் டிஎல்சி, க்யூஎல்சி டிஸ்க்குகள் ஒரு பகுதியை, ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி மாதிரி பாவித்து வேகமாக வாங்கும். அது நிரம்பியதும் உண்மையான வேகம் தெரியும். சில மலிவு க்யூஎல்சி டிஸ்க்குகள் அப்போது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கீழே போகும்.

#14 கர்னல்கிறுக்கன் · புதன் மாலை 5:47

சரியான பேச்சு. சேமிப்பகத் துறை அமைப்பான எஸ்என்ஐஏவின் டெஸ்ட் முறையில், அளக்க ஆரம்பிக்கும் முன்பே டிஸ்க்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு எழுதித் தீர்க்கச் சொல்கிறார்கள். புது டிஸ்க்கின் மாப்பிள்ளை முறுக்கு போன பிறகு அளக்க வேண்டும் என்பதுதான் காரணம்.

இன்னொரு பொறி: இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தைப் புதிதாக ஃபார்மட் செய்து உடனே டெஸ்ட் செய்வது. ஃபார்மட் சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஐநோட் அட்டவணைகளை (கோப்பு விவரப் பட்டியல்களை) அப்போது எழுதாமல் விட்டுவிடும். மவுண்ட் செய்ததும் கர்னல் பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும். நீங்கள் எதுவும் செய்யாமலே ஐஓஸ்டாட் கருவியில் டிஸ்க்கில் எழுதுவது ஓடினால் அதுதான். ஓய்ந்த பிறகு ஆரம்பியுங்கள்.

டிடி அவசரத்துக்குத்தான். ஒழுங்காக அளக்க எஃப்ஐஓ என்ற கருவி இருக்கிறது. லினக்ஸ் பிளாக் அடுக்கைப் பராமரிக்கும் யென்ஸ் ஆக்ஸ்போ எழுதியது. டேட்டாபேஸ் கமிட்டைப் போல அளக்க: எஞ்சின் சிங்க், வரிசையாக எழுது, பிளாக் 8கே, எஃப்டேட்டாசிங்க் 1, வேலை 1, நேரம் 60 நொடி. முடிவில் சராசரியைப் பார்க்காதீர்கள், எஃப்சிங்க் தாமதத்தின் 99-ஆவது சதமானத்தைப் (நூற்றில் 99 தடவை இதற்குள் முடிந்த நேரம்) பாருங்கள். எட்சிடி என்ற டேட்டாபேஸின் ஆவணத்தில் வால் எழுத்துக்கு அந்த 99-ஆவது 10 மில்லி நொடிக்குள் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள், அது நல்ல அளவுகோல்.

எஃப்ஐஓவில் லிப்-ஏஐஓ எஞ்சின் போட்டால் டைரக்ட் 1 (பேஜ் கேச்சைத் தவிர்க்கச் சொல்வது) போட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வரிசை ஆழம் (ஒரே நேரத்தில் அனுப்பும் கோரிக்கைகள்) 32 என்று போட்டாலும் ஒவ்வொன்றாகத்தான் போகும், நீங்கள் மட்டும் 32 என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

#15 மோர்மிளகாய் · புதன் மாலை 6:20

எஃப்ஐஓ என்றதும் என் வயிறு கலங்குகிறது. கோப்பு பெயர் கேட்கும் இடத்தில் டிஸ்க்கின் பெயரையே, அதாவது எஸ்டிபி என்று, கொடுத்துவிட்டேன் ஒரு தடவை. 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறுபது நொடி ஆனந்தமாக எழுதி அழகான வரைபடம் கொடுத்தது. தங்கை கல்யாணப் படங்கள் அந்த டிஸ்க்கில் இருந்தன.

#16 கர்னல்கிறுக்கன் · புதன் மாலை 6:24

ஐயோ. பேக்கப்?

#17 மோர்மிளகாய் · புதன் மாலை 6:25

ஆல்பம் அச்சடித்தவரிடம் பாதி இருந்தது. தங்கை இன்னும் முழுசாகப் பேசவில்லை.

#18 பில்லிங்பேட்டை · வியாழன் பகல் 12:50

பெட்டியைத் திறந்தேன்.

டிஸ்க்குகள் நேராக மதர்போர்டில் இல்லை. ஒரு ரெய்டு கார்டு (டிஸ்க்குகளைச் சேர்த்து நிர்வகிப்பது) இருக்கிறது, அதிலிருந்து ஒரு ஒயர் போய், கேபினட் ஓரத்தில் டேப் ஒட்டி வைத்த ஒரு சின்ன பேட்டரியில் முடிகிறது. பேட்டரி தீப்பெட்டி மாதிரி தட்டையாக இருக்க வேண்டியது போலத் தெரிகிறது. இப்போது அதிரசம் மாதிரி உப்பியிருக்கிறது. உறை ஒரு ஓரத்தில் பிளந்திருக்கிறது.

கார்டின் கருவியில் கேட்டேன். பேட்டரி நிலை: பழுது. அடுத்த வரி: கேச் முறை, ரைட் பேக் (கேச்சில் வாங்கியதுமே 'ஆச்சு' என்பது). அதற்கடுத்து: பேட்டரி கெட்டாலும் ரைட் பேக், ஆம். பதிவுகளில் பின்னோக்கிப் போனால் பழுது என்ற எச்சரிக்கை மூன்று வருடத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ஓரளவு புரிகிறது. புரிவதால்தான் பயமாக இருக்கிறது.

#19 தூக்கம்கெட்டடிபிஏ · வியாழன் பகல் 1:15

முதலில் அந்த பேட்டரியை ஜாக்கிரதையாகக் கழற்றுங்கள். குத்தாதீர்கள், அமுக்காதீர்கள்.

இப்போது விஷயம். அந்தக் கார்டில் சொந்தமாக ராம் இருக்கிறது. கமிட் வந்ததும் அதில் வாங்கிக்கொண்டு 'இறங்கியது' என்று சொல்லிவிடும். பேட்டரி நன்றாக இருக்கும்வரை அது பொய் இல்லை, கரண்ட் போனாலும் பேட்டரி அந்த ராமைக் காப்பாற்றும், திரும்ப வந்ததும் டிஸ்க்கில் எழுதும். உங்கள் 2,310 அங்கிருந்து வந்தது. பேட்டரி போன பிறகு கார்டு தானாகவே ரைட் த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே 'ஆச்சு' என்பது) மாறியிருக்க வேண்டும். யாரோ 'வேகம் குறைந்துவிட்டது' என்று அந்த அமைப்பை ஆம் என்று வைத்திருக்கிறார்கள். மூன்று வருடமாக ஒவ்வொரு பில்லும் கரண்ட் போனால் அழியும் ராமில்தான் 'பத்திரமாக' இறங்கியிருக்கிறது.

யுபிஎஸ் இருந்ததா?

#20 பில்லிங்பேட்டை · வியாழன் பகல் 1:22

இருந்தது. பெரிய யுபிஎஸ். அதுதான் காப்பாற்றியிருக்கிறது போல.

#21 வாடகைசர்வர் · வியாழன் பகல் 2:05

சரி, புது சர்வருக்கு வழி? போஸ்ட்கிரெஸில் எஃப்சிங்கை ஆஃப் செய்தால் பறக்குமே.

#22 தூக்கம்கெட்டடிபிஏ · வியாழன் பகல் 2:09

யோவ். பேட்டரி கெட்ட கார்டு செய்த அதே வேலையை நாமே கையால் செய்வதா? எஃப்சிங்க் ஆஃப் என்றால் கரண்ட் போனால் டேட்டாபேஸே திறக்காமல் போகலாம்.

சிங்க்ரனஸ் கமிட்டை ஆஃப் செய்வது (டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருக்காமல் கமிட் முடிந்ததென்று சொல்வது) வேறு. அதில் டேட்டாபேஸ் கெடாது, ஆனால் கடைசி சில கமிட்கள் தொலையலாம். வழக்கமான அமைப்பில் அதிகபட்சம் 600 மில்லி நொடி அளவு. பகலில் கவுண்டரில் பில் போடும்போது அதைச் செய்ய மாட்டேன், காசு வாங்கியாச்சு பில் இல்லை என்றால் யார் பதில் சொல்வது? ராத்திரி ஏற்றும் ஸ்கிரிப்டுக்கு அந்த இணைப்பில் மட்டும் வைக்கலாம், கோப்பு கையில் இருக்கிறது, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

ஆனால் அதுவும் தேவையில்லை. 500 வரிக்கு ஒரு கமிட் போடுங்கள். 60,000 கமிட் 120 ஆகிவிடும்.

#23 கர்னல்கிறுக்கன் · வியாழன் பகல் 2:30

500-இல் ஒரு வரி தப்பாக இருந்தால் 500-ம் போய்விடுமே. பழைய ஸ்கிரிப்ட் எழுதியவர் அதனால்தான் வரிக்கு ஒன்று வைத்தாரோ என்னவோ.

#24 தூக்கம்கெட்டடிபிஏ · வியாழன் பகல் 2:41

நியாயம்தான், அவரைத் திட்ட வேண்டாம். வரிக்கு வரி சேவ்பாயின்ட் (தப்பானால் திரும்பிப்போகும் இடம்) வையுங்கள். தப்பான வரி மட்டும் பின்வாங்கும், டிஸ்க்குக்கு ஃப்ளஷ் போகாது.

#25 பில்லிங்பேட்டை · வெள்ளி இரவு 11:18

நேற்று இரவும் இன்று இரவும் ஓட்டிவிட்டேன். சேவ்பாயின்ட்டோடு 500-க்கு ஒரு கமிட். 60,000 வரிகள், 11 நொடி. அதே சாதாரண எஸ்எஸ்டி, அதே 284. பகலில் கவுண்டரில் பில்லுக்கு 3.5 மில்லி நொடி ஆவதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. முதலாளி கேட்பதை நிறுத்திவிட்டார், பாராட்டவும் இல்லை.

ஒன்று மட்டும் ஆசைக்குச் செய்து பார்த்தேன். பழைய சர்வரில் கார்டை ரைட் த்ரூவுக்கு மாற்றி, டிஸ்க்குகளின் சொந்தக் கேச்சையும் அணைத்து, பழைய ஸ்கிரிப்டை மாற்றாமல் அப்படியே ஓட்டினேன். டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். 8 நிமிடம் 51 நொடி.

#26 தூக்கம்கெட்டடிபிஏ · வெள்ளி இரவு 11:26

நொடிக்கு 113. 120-ஐத் தாண்டவில்லை பாருங்கள். அந்தப் பெட்டியை விற்பதாக இருந்தால் வாங்குகிறவரிடம் பேட்டரி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.